அரசுச் செலவில் கருத்தரிப்புச் சிகிச்சை: யாருக்கு, எத்தனை முறை?

வாசகர் கேள்வி, மார்ச் 2

குழந்தை இல்லாததால் யாரும் சாவதில்லை. புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் போக வேண்டிய பொதுப் பணத்தைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அப்படியே கொடுத்தாலும், எல்லோருக்கும் சமமாகக் கொடு என்று கேட்பது அதிகப்படியாக இல்லையா? ஆசைக்கெல்லாம் அரசா பொறுப்பு?

மார்ச் 3, இரவு

கண்புரையால் யாரும் சாவதில்லை. முழங்கால் மூட்டு தேய்ந்தும் யாரும் சாவதில்லை. இரண்டுக்கும் பொதுப் பணத்தில் அறுவை சிகிச்சை நடக்கிறது. ‘நடக்க ஆசைப்படுகிறார் பாருங்கள்’ என்று யாரும் கிண்டல் செய்வதில்லை. முட்டை கருப்பைக்குப் போகும் சினைக்குழாய் இரண்டும் அடைத்துப்போன பெண் சிகிச்சை கேட்டால் மட்டும் அது ஆசை ஆகிவிடுகிறது. உடம்பில் ஓர் உறுப்பு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார்.

உங்கள் கேள்வி பழையது. 1971இல் ஆய்வாளர் ராபர்ட் எட்வர்ட்ஸும் மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவும், உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கும் ஆய்வுக்குப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் பணம் கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள். மக்கள்தொகை பெருகிக் கிடக்கும்போது மலட்டுத்தன்மைக்கு என்ன அவசரம் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஏழு வருடம் கழித்து, 1978 ஜூலை 25 அன்று, ஓல்டாம் நகரின் பொது மருத்துவமனையில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். அவருடைய அம்மா லெஸ்லிக்கு இருந்ததும் சினைக்குழாய் அடைப்புதான்.

எங்கள் கதை சுருக்கமாக. மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்த அன்று என் மனைவிக்கு 38 வயது 9 மாதம். அரசுத் திட்டத்தின் விதிப்படி 40வது பிறந்தநாளுக்கு முன் சிகிச்சையின் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். 16 மாதம் காக்க வைத்தார்கள். எங்கள் முறை வந்தபோது 40 முடிந்து 35 நாள். கவுன்ட்டரில் இருந்தவர் பிறந்த தேதியைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார், கோப்பை மூடி எங்கள் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மார்ச் 4

‘அந்த இருவருக்கும் நோபல் கிடைத்ததே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எட்வர்ட்ஸுக்கு மட்டும்தான் கிடைத்தது, 2010இல். ஸ்டெப்டோ 1988இலேயே இறந்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் கருக்களைப் பராமரித்த ஜீன் பர்டி, செவிலியர் பயிற்சி பெற்றவர், 1985இல் 39 வயதில் காலமானார். அவர் பெயரை எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். நேற்று நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 6

சமம் என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். என் பதில் எளியது: நாடு முழுவதற்கும் ஒரே எண்ணிக்கை. மூன்று முறை என்றால் எல்லோருக்கும் மூன்று முறை, ஒன்று என்றால் எல்லோருக்கும் ஒன்று. முகவரி மாறினால் எண்ணிக்கை மாறக் கூடாது.

மாறுகிறது என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. அங்கே ‘நைஸ்’ என்ற தேசிய அமைப்பு வழிகாட்டி நெறிகளை வெளியிடுகிறது. 2013இல் திருத்தி எழுதியதன்படி, இரண்டு வருடம் முயன்றும் கருத்தரிக்காத 40 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு மூன்று முழுச் சுழற்சி, அதாவது மூன்று முறை சிகிச்சை, தர வேண்டும். 40 முதல் 42 வரை சில நிபந்தனைகளோடு ஒன்று. ஆனால் அது வழிகாட்டிதான், கட்டாயமில்லை. பணம் எங்கே போகும் என்று முடிவு செய்பவை வட்டாரக் குழுக்கள். 2022 ஜூலையில் அவற்றைச் சீரமைத்தபோது 42 குழுக்கள் அமைந்தன. பல இடங்களில் மூன்று என்பது ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இதை அங்கே ‘அஞ்சல் குறியீட்டு லாட்டரி’ என்கிறார்கள். பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் 40 வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ளவர்களுக்கு மூன்று. தெருவுக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தவருக்கு ஒரு வாய்ப்பு, அந்தப் பக்கம் பிடித்தவருக்கு மூன்று. வீட்டுத் தரகர்கள் இதை விளம்பரத்தில் போடாததுதான் ஆச்சரியம்.

மார்ச் 9

மேலே ‘ஒரே எண்ணிக்கை’ என்று எழுதினேன் அல்லவா, அதில் ஓட்டை இருக்கிறது. எண்ணுவது எதை?

எடுத்துக்காட்டாக ஒரு பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போடுகிறார்கள். முட்டைகள் முதிர்வதை ஸ்கேனில் பார்த்து, கடைசி ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்கிறார்கள். பத்து முட்டை கிடைத்தது, அதில் ஐந்து நல்ல கருவாகின என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக் கருப்பையில் வைத்து, மீதி நான்கை உறைநிலையில் பாதுகாக்கிறார்கள். முதல் கரு நிற்கவில்லை. இப்போது அந்த நான்கும் யார் கணக்கு?

நைஸ் சொல்லும் ‘முழுச் சுழற்சி’யில் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதும் அடக்கம். வட்டாரக் குழுவின் கணக்கில், முதல் கருவை வைத்ததோடு ‘ஒரு சுழற்சி’ முடிந்துவிடலாம். மீதிக் கருக்கள் உறைந்து கிடக்கும். வேண்டுமென்றால் சொந்தச் செலவில் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு குழுக்களின் அறிக்கையிலும் ‘ஒரு சுழற்சி’ என்றே இருக்கும். ஒருவருக்கு ஐந்து வாய்ப்பு, மற்றவருக்கு ஒன்று. எண்ணிக்கை சமம்!

எனவே மார்ச் 6இல் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணிக்கைக்கு முன்னால் சொல்லுக்குப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.

மார்ச் 17

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இஸ்ரேல்தான் மிகவும் தாராளம். பெண்ணின் சொந்த முட்டை என்றால் 45 வயது வரை, இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரை செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது; தனியாக வாழும் பெண்ணுக்கும் உண்டு. பிரான்சில் 43வது பிறந்தநாள் வரை நான்கு முறை. 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் தனிப் பெண்களையும் பெண்-பெண் இணைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. ஜப்பான் 2022 ஏப்ரலில் இதைப் பொதுக் காப்பீட்டில் சேர்த்தது: 40க்குள் ஆறு முறை கரு வைக்கலாம், 40 முதல் 42 வரை மூன்று முறை, செலவில் 30 சதவீதம் நோயாளியுடையது. ஜெர்மனியில் 2004 முதல் சட்டபூர்வக் காப்பீடு மூன்று முறைக்குப் பாதிச் செலவைத்தான் தருகிறது, அதுவும் கணவன் மனைவிக்கு மட்டும். மணமாகாதவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 2007இல் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

‘பாதிச் செலவு’ பார்ப்பதற்குச் சமமாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதி கையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. இல்லாதவருக்கு அந்தப் பாதியும் இல்லை. இல்லாதவர் கட்டிய காப்பீட்டுத் தொகையில் இருப்பவர் சிகிச்சை பெறுகிறார் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

பெல்ஜியம் செய்ததைக் கேள்வி கேட்டவர் அவசியம் படிக்க வேண்டும். 2003 ஜூலையில் 43 வயதுக்குள் ஆறு சுழற்சிக்குப் பணம் தருகிறோம் என்றார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: 36 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு முதல் முறை ஒரே ஒரு கருதான் வைக்க வேண்டும். ஏன்? தன் கைப்பணம் போட்டு ஒரே முறைதான் முடியும் என்ற நிலையில் இருப்பவர், இரண்டு மூன்று கருவை வைத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் மன்றாடுவார். அதனால் இரட்டையர், மூவர். குறைப்பிரசவம், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருப்பு. அந்தச் செலவு எங்கே விழும்? நீங்கள் காப்பாற்ற நினைக்கிற அதே பொதுப் பணத்தில்தான். அடுத்த முறையும் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு கருவோடு பொறுத்துக்கொள்ள முடியும். பெல்ஜியத்தில் இரட்டைப் பிரசவங்கள் வெகுவாகக் குறைந்தன. 2010இல் இதே வழியில் போன கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அப்படியே நடந்தது. ஆனால் 2015இல் செலவு கட்டுக்கடங்கவில்லை என்று அந்த அரசு திட்டத்தை நிறுத்தியது. 2021 நவம்பரில் சிறிய அளவில் மீண்டும் கொண்டுவந்தது. நடுவில் கழிந்த ஆறு வருடத்தில் 36 வயதாக இருந்தவருக்கு 42 ஆகியிருக்கும்.

மார்ச் 18

‘நீங்கள் சுகாதார அமைச்சரா?’ என்று கேட்டவருக்கு: இல்லை. இரண்டு வருடம் காத்திருப்புக் கூடங்களில் உட்கார்ந்தவன். அங்கே படிப்பதற்கு வேறு ஒன்றும் இருக்காது. பழைய துண்டறிக்கைகளும் மீன் தொட்டியும்தான். மீன்களுக்கு மட்டும் குஞ்சு பொரிப்பதில் ஒரு தடையும் இல்லை.

ஏப்ரல் 2

கணவருக்கு முதல் மணத்தில் ஒரு மகள். இந்த மனைவிக்குக் குழந்தை இல்லை. ‘வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது’ என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்த மகள் வேறு ஊரில் அவளுடைய அம்மாவோடு இருக்கிறாளாம்.

முதலில் எனக்கு இந்த விதி நியாயமாகவே பட்டது. பணம் குறைவு, வரிசை நீளம், ஒன்றும் இல்லாதவர்களுக்கு முதலிடம் என்பதில் என்ன தவறு? பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. லூயிஸின் அப்பா ஜான் பிரவுனுக்கு முதல் மணத்தில் ஒரு மகள் இருந்தார். இங்கிலாந்தின் பல வட்டாரக் குழுக்கள் இன்றும் வைத்திருக்கும் விதியின்படி, துணையில் ஒருவருக்கு முன்பே குழந்தை இருந்தால் தகுதி இல்லை. அதாவது உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் பெற்றோர் அந்தக் கவுன்ட்டருக்கு வந்தால், கோப்பை மூடி அவர்கள் பக்கம் நகர்த்திவிடுவார்கள்.

ஸ்காட்லாந்து 2016இல் இதை மாற்றியது. துணையில் ஒருவருக்குச் சொந்தக் குழந்தை இல்லாவிட்டால் போதும், இருவரும் விண்ணப்பிக்கலாம். வந்திருக்கும் நோயாளி லெஸ்லி. அடைத்திருப்பது அவருடைய குழாய். கணவரின் கடந்த காலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 20

பெண்-பெண் இணைகள் பற்றி நான் எழுதவே இல்லை என்று கண்டித்திருக்கிறார்கள். சரிதான்.

குழந்தையின்மைக்கான இலக்கணமே, கருத்தடை இல்லாமல் பன்னிரண்டு மாதம் உடலுறவு கொண்டும் கருத்தரிக்காமை என்பது. அந்தப் பன்னிரண்டு மாதம் ஒரு ஆண்-பெண் இணைக்கு இலவசம். இரண்டு பெண்கள் அதை எப்படி நிரூபிப்பது? நைஸின் 2013 நெறிப்படி பன்னிரண்டு முறை விந்து செலுத்திப் பார்த்திருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது ஆறு முறை கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தியதாக இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தச் செலவு அவர்கள் தலையில். தகுதிச் சான்று வாங்குவதற்கே ஒரு சொத்து கரையும். 2022இல் இங்கிலாந்து அரசின் பெண்கள் நல உத்தி இந்தத் தடையை நீக்குவோம் என்றது. சொன்னது மேலிடம், நடைமுறைப்படுத்துவது மறுபடியும் அந்த வட்டாரக் குழுக்கள்.

அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் இலக்கணத்தையே திருத்தியது. குழந்தை பெற மருத்துவ உதவி தேவைப்படுவதும் குழந்தையின்மைதான். துணை உண்டா, யார் என்பது அதில் வராது. கருத்தரிப்பு வாரியங்களைவிட அகராதிக்காரர்கள் அதிகம் நல்லது செய்வார்கள் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

இன்று பகல் என் மனைவி இந்தப் பக்கத்தை முழுவதும் படித்தாள். நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, “பதினாறு மாதம் காக்க வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் நாலு மாதம் யாருடையது?” என்று கேட்டாள்.

அது என்னுடையது. எழுதிவிடுகிறேன்.

பரிந்துரைக் கடிதத்தோடு இருவருக்கும் பரிசோதனைச் சீட்டு கொடுத்தார்கள். அவள் தன்னுடையதை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டாள்: ரத்தம், ஸ்கேன், சினைக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே. வலியில் படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த கையை நான் பார்த்தேன். எனக்குக் கொடுத்தது விந்து மாதிரிக்கான ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி, மூடியில் பெயர் எழுத ஒரு வெள்ளைத் தாள். அவ்வளவுதான். அந்தக் குப்பியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அலுவலகத்தில் வேலை அதிகம் என்றேன். சளி பிடித்திருக்கிறது, சரியாகட்டும் என்றேன். அடுத்த மாதம் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். முடிவு என் பக்கம் வந்துவிட்டால்?

நாலாவது மாதம் என் அக்கா ஒரு பேச்சில், “அவளுக்கு என்ன குறையாம்?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை குப்பியை எடுத்தேன்.

முடிவு என் பக்கம்தான் வந்தது. எண்ணிக்கையும் குறைவு, ஓட்டமும் குறைவு. விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால் மறுபரிசோதனையை மூன்று மாதம் கழித்துத்தான் செய்வார்கள். ஆக என் நாலு, மறுபரிசோதனைக்கு மூன்று, அதற்குப் பிறகுதான் எங்கள் பெயர் வரிசையில் ஏறியது, அங்கே ஒன்பது. கூட்டினால் பதினாறு. என் நாலு மாதத்தைக் கழித்தால் முதல் ஊசி அன்று அவளுக்கு 39 வயது 9 மாதம்.

மார்ச் 3இல் கவுன்ட்டர்காரரின் முகத்தைப் பற்றி எழுதினேன். அவர் எங்களைப் பார்க்காதது கல்நெஞ்சத்தால் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. கோப்பில் முதல் பக்கத்திலேயே தேதிகள் இருக்கின்றன. அவர் படித்திருப்பார்.

அந்தச் சினைக்குழாய் எக்ஸ்ரேயில் அடைப்பு எதுவும் இல்லை. அக்காவிடம் பிறகு சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொன்னேன், இரண்டு வருடம் கழித்து.

மே 12

நேற்று எழுதியதைப் படித்து, ‘அப்படியானால் திட்டத்தின் மேல் தவறில்லை, எல்லாம் உங்கள் தவறு’ என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி அடையாதீர்கள். பன்னிரண்டு மாதம் இன்னும் பாக்கி இருக்கிறது.

வயது வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 35க்குப் பிறகு முட்டையின் தரம் இறங்குகிறது, 40க்குப் பிறகு செங்குத்தாக. அது உடம்பின் விதி. என் கேள்வி கடிகாரம் எப்போது நிற்க வேண்டும் என்பதுதான். சிகிச்சை தொடங்கும் நாளில் வயதைப் பார்த்தால், வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு பேரை ‘இல்லை’ என்று சொல்லாமலே கழித்துவிடலாம். நிர்வாகத்துக்கு வசதி: தாமதம் செய்யச் செய்யச் செலவு மிச்சம். முழங்காலுக்குக் காத்திருப்பவர் வலியோடு காத்திருக்கிறார், ஆனால் முறை வரும்போது அவர் தகுதி போய்விடுவதில்லை. இங்கே காத்திருப்பே தகுதியைத் தின்கிறது. பரிந்துரைக் கடிதத்தின் தேதியில் வயதை நிறுத்துங்கள். பிறகு தாமதம் யாருடையதாக இருந்தாலும் சரி, என்னைப் போன்ற கோழையுடையதாக இருந்தாலும் சரி, விலையைக் கொடுப்பது அவளாக இருக்காது. அவள் எந்த நாளையும் தவறவிடவில்லை.

ஏறத்தாழப் பாதி இணைகளில் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. விதிகளில் பெண்ணின் வயதும் எடையும் பளிச்சென்று தெரிகின்றன. என் குப்பிக்குக் கெடு தேதியே இல்லை.

மே 12, இன்னும் ஒன்று

‘பிறகு என்ன ஆயிற்று’ என்பவர்களுக்கு: சொந்தச் செலவில் ஒரு முறை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஊசி மருந்து வரிசையாக நின்ற பன்னிரண்டு நாள். மூன்று கரு. நிற்கவில்லை.

ஜூன் 8

கொஞ்சம் வேறு விஷயம். இந்தச் சிகிச்சை இவ்வளவு செலவு பிடிக்கத்தான் வேண்டுமா? கரு வளர்க்கும் பெட்டிக்குக் கரியமில வாயு சீராக வேண்டும், அதற்கு உயர்ரக எந்திரங்கள், சுத்திகரித்த காற்று. பெல்ஜியத்தில் வில்லெம் ஓம்பலே என்ற மருத்துவரின் குழு, அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் வான் பிளெர்காமோடு சேர்ந்து, அந்த வாயுவைச் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலந்து ஒரு மூடிய கண்ணாடிக் குழாயில் உண்டாக்கினார்கள். பக்கத்துக் குழாயில் கரு. இரண்டையும் ஒரு மெல்லிய குழல் இணைக்கும். அப்படி வளர்ந்த கருக்களிலிருந்து நலமான குழந்தைகள் பிறந்திருக்கின்றன. என்னைப் போலக் கடுமையான விந்தணுக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஊசியால் விந்தணுவைச் செலுத்த வேண்டியிருக்கும். ஆனால் லெஸ்லி பிரவுனைப் போன்றவர்களுக்கு ஒத்துவரும். ஏழை நாடுகளில் குழந்தையின்மைக்கு முக்கியக் காரணம் தொற்றால் வரும் சினைக்குழாய் அடைப்புதான்.

பொதுப் பணம் போதாது என்கிற கேள்வியாளர் இந்தக் குழாயைப் பற்றி என்ன நினைக்கிறார்? நான்கு வாரமாக அவரைக் காணவில்லை.

ஜூன் 30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், தனிச் செய்தியில். அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பரிசோதனைச் சீட்டு ஐந்து மாதமாக அவர் பையில் இருக்கிறதாம். மார்ச்சில் அந்தக் கேள்வியை எழுதியபோதும் இருந்ததாம். மனைவிக்கு 37.

விந்து வெளியேற்றாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுப் போங்கள். வீட்டிலேயே எடுப்பதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். குப்பியைச் சட்டையின் உட்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிரக் கூடாது. பெயரை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். அங்கே பேனா நூலில் கட்டித் தொங்கும், எழுதாது. கூடத்தில் ஆட்கள் இருப்பார்கள். உங்களையே பார்ப்பதுபோல் தோன்றும். அவர்களும் ஒரு கையைச் சட்டைக்குள் வைத்திருப்பதைக் கவனியுங்கள். சீட்டைக் கொடுக்கும்போது வரவு தேதியை எழுதி முத்திரை போடச் சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை ஏழரைக்குத் திறப்பார்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.